இருபத்தேழாம் எண் எழுத்துரு

ஒரு கல்யாணப் பத்திரிகையின் எழுத்தைப் பார்த்தே அந்த வீட்டுப் பந்தியில் எத்தனை கறி இருக்கும் என்று சொல்லிவிடுவேன் என்பாள் மெய்யம்மை. சொல்லவும் செய்வாள், வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகவே. மொட்டையாக ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு யாராவது வந்துவிட்டால் போதும். "இது என்னா, நாளைக்குத் தண்ணி வராதுன்னு ஒட்டற நோட்டீஸா?" என்று கேட்பாள். வந்தவர் கூனிக் குறுகிப்போய், அவள் காட்டும் கொடியும் சுருளும் வைத்த எழுத்துக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்.

பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது அவள் கடை. இரண்டு கணினி, ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஃபேக்ஸ், ஒரு கோமதி. மலாயும் ஆங்கிலமும் தட்டச்சு செய்வது கோமதியின் வேலை. மெய்யம்மை எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவது அவள் சம்பளம் வாங்காமல் செய்த வேலை. செட்டியார் வீட்டுப் பெண் என்பதால் முப்பத்தெட்டு வயதிலேயே மெய்யம்மை ஊருக்கெல்லாம் ஆச்சி. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, ஆச்சி என்றால் பேரம் பேசக் கொஞ்சம் பயப்படுவார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தைப்பூசத்துக்குப் பெயின்ட் அடித்தபோது கடைப் பலகையில் 'எந்த மொழியும் அழகாகச் செய்து தரப்படும்' என்று புதிதாக ஒரு வரி எழுத வைத்தாள். எந்த மொழியும் என்றால் தமிழ், மலாய், ஆங்கிலம். அப்புறம் தெலுங்கில் ஒரே ஒரு காதுகுத்துப் பத்திரிகை. அவ்வளவுதான். ஆனால் பலகை அதையெல்லாம் விளக்கிக்கொண்டா இருக்கும்?

அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் கிள்ளானிலிருந்து வந்த சீதாலெட்சுமி படியேறினாள். பின்னாலேயே அவள் மகன் ராதாகிருஷ்ணன்.

"ஆச்சி, எந்த மொழியும்னு போட்டிருக்கே. ஜப்பான்காரன் மொழி வருமா?"

'வராது' என்ற சொல் மெய்யம்மை வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. "ஏன் வராம? குடுங்க லா, பாத்துக்கலாம்."

கோமதி தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மெய்யம்மை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கதை இதுதான். ராதாகிருஷ்ணன் ஷா ஆலாமில் ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் இன்ஜினியர், பயிற்சிக்கு ஜப்பான் போய் அந்த மொழியும் படித்து வந்தவன். அதே தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் அகேமி. இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போனது. சீதாலெட்சுமி மூன்று நாள் அழுதாள், நான்காம் நாள் அகேமியை வீட்டுக்கு வரச்சொல்லி இட்லி ஊற்றக் கற்றுக்கொடுத்தாள். இந்தப் பக்கம் அத்தோடு முடிந்தது. அந்தப் பக்கம் அப்படி முடியவில்லை. அகேமிக்கு அம்மா இல்லை. அப்பா, ஜப்பானின் வடக்கே பனி கொட்டும் ஒரு சிற்றூரில் தபால் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் விஷயத்தைச் சொன்ன அன்று தொலைபேசியை வைத்தவர்தான். எட்டு மாதம் ஆகிறது, மகள் அழைத்தால் எடுப்பதில்லை.

"தாரை வாத்துக் குடுக்க அந்தப் பிள்ளைக்கு வேற யாரு இருக்கா, சொல்லுங்க?" என்றாள் சீதாலெட்சுமி. "எம்மவன் கல்யாணத்துல பொண்ணு யாருமத்தவ மாதிரி நிக்கக் கூடாது. அவங்க மொழியில, முறையா, அழகா ஒரு பத்திரிகை போவணும். அதைப் பாத்து அவரு மனசு இளகி வரணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தது."

அகேமியை மெய்யம்மை பார்த்தது கூடக் கிடையாது. ஆனாலும் மணவறையில் அப்பன் கை இல்லாமல் நிற்கப்போகும் ஒரு பெண் என்று நினைத்ததுமே அவளுக்கு நெஞ்சு கனத்துவிட்டது. நெஞ்சு கனத்தால் அவளுக்கு வாய் நீண்டுவிடும். "என் கார்டு போயி ஒருத்தர் வராம இருந்ததில்லைக்கா. அவரு வருவாரு. நான் சொல்றேன்."

ராதாகிருஷ்ணன் வாசகத்தைத் தொழிற்சாலைக் கணினியில் அடித்து ஒரு டிஸ்க்கில் கொண்டுவந்திருந்தான். "வார்த்தை எல்லாம் சரியா இருக்கு ஆச்சி. நீங்க ஃபாண்ட் மட்டும் பாத்துப் போட்டா போதும். நாளைக்கு ஜொகூர் போறேன், புது மெஷின் மாட்டறாங்க, ரெண்டு வாரம் ஆவும். ஃபேக்ஸ்ல அனுப்புங்க, பாத்து ஓகே சொல்றேன்."

"பொண்ணுகிட்டயே காட்டிடலாமே தம்பி?"

"ஐயோ, வேணாம்!" என்று இடையில் விழுந்தாள் சீதாலெட்சுமி. "எங்க வீட்டு வழக்கம் ஆச்சி. முதப் பத்திரிகை சாமி காலடிக்குப் போவணும். அப்புறம் பொண்ணோட அப்பாவுக்கு. அதுக்கு முன்னால கட்டிக்கப் போறவ கண்ணுல படக் கூடாது. நான் சொல்லி வெச்சிருக்கேன், அவளும் சரின்னுட்டா."

இப்படியாக, ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் ஜொகூருக்குப் போனான், இன்னொருத்தி வழக்கத்துக்குக் கட்டுப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மிச்சம் மெய்யம்மை.

டிஸ்க்கைப் போட்டுத் திறந்தபோது திரையில் வந்தது தமிழ். தமிழ் என்றால், அந்தக் கணினிக்குத் தெரிந்த ஒரே வேற்றெழுத்து அதுதான் என்பதால் எல்லாவற்றையும் அதிலேயே காட்டியது. ஞௌவும் ழூவும் ணையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. "நல்ல ஜப்பான்" என்றாள் கோமதி. மெய்யம்மை விடவில்லை. சுபாங் ஜெயாவில் கணினி விற்கும் ஒருவரிடம் போய், கணினிக்கு ஜப்பானியம் கற்றுக்கொடுக்கும் மென்பொருளும், நாற்பது ஜப்பானிய எழுத்துருக்கள் அடங்கிய ஒரு சிடியும் வாங்கி வந்தாள். மூன்று மணி நேரம் கணினியோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் ஞௌவெல்லாம் கலைந்து போய், கட்டங்கட்டமாக, குச்சிகுச்சியாக, ஜப்பானியம் வந்து உட்கார்ந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு சுழிகூடத் தெரியாது. ஆனால் வந்துவிட்டதே!

நாற்பது எழுத்துருவிலும் வாசகத்தின் முதல் வரியை அடித்து, எண் போட்டு, சுவரில் வரிசையாக ஒட்டினாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பெண் பார்க்கும் மாமியார் மாதிரி முன்னும் பின்னும் நடந்தாள். முதல் எண் ஒல்லி, படுக்கைக் கோடு தலைமுடி மாதிரி. இரண்டாம் எண் எல்லாக் கோடும் ஒரே தடிமன், தண்ணி நோட்டீஸேதான். எட்டு, குழந்தை மிட்டாய் உறை. பதினைந்து நல்லா இருக்கிறது, ஆனால் அலங்காரம் போதாது. இருபத்தேழாம் எண் முன்னால் நின்றுவிட்டாள்.

அதில் கோடுகள் நேராக இல்லை. ஓரங்களில் அரித்தாற்போல் நெளிந்து, மூலைகளில் மை தேங்கி உப்பி, சில இடத்தில் கீழே வழிந்து துளியாக நின்றன. பழைய காலத்து ராஜா ஒருவர் முத்திரை குத்தி அனுப்பினாற்போல் ஒரு கம்பீரம். உருகிய நெய் சொட்டுகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"ஆச்சி, இது கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு" என்றாள் கோமதி.

"எந்த மாதிரி?"

"தெரியலை. பாத்தா நல்லதா படலை."

"உனக்கு எது நல்லதா பட்டிருக்கு? மத்த முப்பத்தொன்பதும் பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கு. இதுலதான் கல்யாணக் களை இருக்கு."

ஃபேக்ஸ் போனது. ஜொகூரில் ராதாகிருஷ்ணன் இருந்த கொட்டகையின் ஃபேக்ஸ் இயந்திரம் வாயில் வெற்றிலையோடு பேசுகிற ரகம். அதில் வருகிற எல்லாத் தாளும் அரித்து, நெளிந்து, மை கசிந்துதான் வரும். அவன் எழுத்தைப் பார்க்கவேயில்லை, வார்த்தையைப் பார்த்தான். பேர் சரி, தேதி சரி, மண்டபம் சரி. உடனே அழைத்தான். "எல்லாம் கரெக்ட் ஆச்சி. இங்க மெஷின் மோசம், ஒரே அழுக்கா வந்திருக்கு. உங்ககிட்ட நல்லாத்தானே இருக்கு?"

"என்கிட்டயா? கண்ணுல ஒத்திக்கலாம் தம்பி."

மையின் நிறத்தை யாரும் கேட்கவில்லை. ஃபேக்ஸில் நிறம் தெரியாது. மெய்யம்மைக்குச் சொல்லவும் தோன்றவில்லை. கல்யாணப் பத்திரிகையில் கறுப்பு மை வைப்பார்களா யாராவது? அடுத்த தெரு சீனர் அச்சகத்தில் அறுபது அட்டை, தங்க ஓரம், எழுத்து முழுக்கக் குங்குமச் சிவப்பு. மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக, இன்னும் கொஞ்சம் சிவப்பாக.

வெள்ளிக்கிழமை சீதாலெட்சுமி வந்து அட்டையைப் பார்த்துக் கண் கலங்கினாள். மற்ற ஐம்பத்தொன்பதையும் கடையிலேயே வைத்துவிட்டு முதல் அட்டையை மட்டும் ஸ்காட் ரோடு கோயிலுக்கு எடுத்துப்போனாள். சாமி காலடியில் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவி, பெண்ணின் பெயருக்கு மேலே ஈரக் குங்குமத்தை ஒரு விரல் அழுத்தி வைத்தாள். நல்ல நேரம் போவதற்குள் அங்கிருந்து நேரே தபால் நிலையம். ஆகாயத் தபாலில் அது ஜப்பானுக்குப் பறந்தது.

அடுத்த வியாழக்கிழமை மதியம் அகேமி கடைக்கு வந்தாள். தொழிற்சாலையில் வேலை செய்கிற ஜப்பானியர்களுக்குக் கொடுக்கவேண்டிய அட்டைகளை வாங்கிப் போக, மாமியாரின் அனுமதியோடு. குட்டை முடி, தொழிற்சாலைச் சீருடை, சிரித்த முகம். நான்கு வருஷமாக உற்பத்தி லைனில் நிற்கிற தமிழ்ப் பெண்களோடு பழகியதில் தமிழும் அவர்கள் தமிழாகவே வந்திருந்தது.

"ஆச்சி, நான்தான் கல்யாணப் பொண்ணு. என்னா, இப்பவாச்சும் காட்டுவீங்களா?"

மெய்யம்மை பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை இரு கையாலும் எடுத்து நீட்டினாள். ஐயோ அழகே என்று அவள் சொல்லப்போவதற்குக் காத்து நின்றாள்.

அகேமி பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மெய்யம்மையும் கொஞ்சம் சேர்ந்து சிரித்தாள். ஜப்பானில் சந்தோஷத்தை இப்படித்தான் காட்டுவார்கள் போலிருக்கிறது.

"ஆச்சி... இந்த எழுத்தை எங்கேருந்து பிடிச்சீங்க?"

"நாப்பதுல பொறுக்கினது. ஏன்?"

"எங்க ஊருல இது பேய்க் கதைக்குப் போடற எழுத்து ஆச்சி. காமிக்ஸ்ல பேய் வந்து பேசுமே, கிணத்துக்குள்ளேருந்து, 'உன்னை விட மாட்டேன்'னு... அதுக்கு இதான். இதுல போயி, 'எங்கள் திருமணத்துக்கு அன்போடு அழைக்கிறோம்'!" மறுபடி சிரிப்பு பொங்கியது. "அதுவும் சிவப்புல! எங்க ஊருல ஒருத்தர் பேரைச் சிவப்புல எழுதவே மாட்டாங்க. எழுதினா செத்துருவாங்கன்னு—"

அந்த இடத்தில் சிரிப்பு நின்றது. அவள் முகம் மெல்ல வெளுத்தது.

"அத்தை... இதுல ஒண்ணை எங்கப்பாவுக்குப் போட்டுட்டாங்களா?"

கோமதிதான் பதில் சொன்னாள். "போன வெள்ளிக்கிழமையே. மஞ்சள் குங்குமம் எல்லாம் வெச்சு."

"குங்குமமா? எங்க?"

"உங்க பேரு மேல."

அகேமி அழவில்லை. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாள். "இன்னிக்கோ நாளைக்கோ போய்ச் சேந்துரும்" என்றாள். "அவரு ரொம்ப முறை பாக்கிற ஆளு ஆச்சி. ஸ்டாம்பு கோணலா ஒட்டினா திருப்பிக் குடுத்துருவாரு. இது ஒண்ணுதான் அவர்கிட்ட போற கடைசி வழின்னு நெனைச்சிருந்தேன்."

இருபது வருஷமாக எத்தனையோ பேருக்குப் பத்திரிகை செய்த மெய்யம்மை, தான் வாய் நீட்டியதால் ஒரு பெண்ணுக்கு அப்பன் இல்லாமல் போய்விட்டான் என்று நினைத்தபடி அகேமி எதிரில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழகாத நாக்கு அது. எப்படியோ கேட்டது.

"என்மேல தப்பு. உங்கிட்ட காட்டாம ஒரு எழுத்தை நான் தொட்டிருக்கவே கூடாது. உக்காரு. இப்பவே வேற செய்வோம். கூரியர்ல போட்டா மூணு நாள்ல போயிரும். நீ சொல்லு, நான் செய்யறேன்."

அன்று மாலைவரை சுவரில் ஒட்டிய நாற்பது தாளின் முன்னாலும் இரண்டு பேரும் நின்றார்கள். இரண்டாம் எண் சாலைப் பலகைக்கும் மருந்துப் பெட்டிக்கும். எட்டு, மெய்யம்மை சொன்னது சரி, மிட்டாய்தான். பதினொன்று சாராயப் பாட்டில், இருபது, நூடுல்ஸ் விற்கும் மீ கடை. முதல் எண், அந்த ஒல்லி, செய்தித்தாளிலும் புத்தகத்திலும் வருவது, மரியாதையானது. அதை அடித்துப் பார்த்தார்கள். மெய்யம்மையின் பழைய பிரிண்டரில் படுக்கைக் கோடுகள் அங்கங்கே அறுந்து போய், எழுத்தெல்லாம் பல் விழுந்து சிரித்தன. கடைசியில் பதினைந்து. தூரிகையை நிதானமாக ஊன்றி, ஒவ்வொரு கோடாக எழுதியது. அலங்காரம் போதாது என்று மெய்யம்மை தள்ளிய அதே எழுத்து.

"இதான் ஆச்சி. முதுகை நிமித்தி உக்காந்து எழுதின மாதிரி இருக்கு பாருங்க."

இப்போது பார்த்தால் அப்படித்தான் இருந்தது. இதை எப்படித் தள்ளினோம் என்று மெய்யம்மைக்கு வெட்கமாகப் போயிற்று.

வரிகள் மேலிருந்து கீழே இறங்கவேண்டும், வலப்பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும் என்றாள் அகேமி. கல்யாண அழைப்பில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் கூடாது, சந்தோஷத்துக்கு நடுவே நிறுத்தம் விழக் கூடாது என்பார்களாம். மெய்யம்மைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு புள்ளியாகத் தேடிப்பிடித்து அழித்தாள். நிறத்தில்தான் சண்டை. எழுத்து கறுப்பாக இருந்தால்தான் மரியாதை என்றாள் அகேமி. தகவலைத் தொலைபேசியில் கேட்ட சீதாலெட்சுமி, கறுப்பு மையில் என் மகன் பேரா என்று கிள்ளானிலிருந்தே அலறினாள். மெய்யம்மை சீனர் அச்சகத்துக்குப் போய், கறுப்பில் துளியூண்டு சிவப்பைக் கலக்கச் சொல்லி ஒரு நிறம் கொண்டுவந்தாள். கிள்ளானில் அதைப் பழுப்பு என்று சொல்லலாம், ஜப்பானில் கறுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது.

வெள்ளிக்கிழமை இரவு அட்டைகள் வந்தன. மெய்யம்மை ஓர் அட்டையை விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கொடி இல்லை, ஒரு சுருள் இல்லை. ஆனாலும் பார்க்கிறவர் தானாகவே கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தோன்றும். மறுநாள் பதினொரு மணிக்குக் கூரியர் ஆள் வருவான். உறையில் முகவரி எழுதி மேசைமேல் வைத்தாயிற்று.

சனிக்கிழமை பத்தரை மணிக்குப் படியில் தடதடவென்று சத்தம். அகேமி ஓடிவந்தாள், ஒரு காலில் செருப்புக்கூடச் சரியாக மாட்டவில்லை.

"போயிருச்சா? கூரியர் போயிருச்சா?"

"இன்னும் இல்லை. இதோ இருக்கு."

அகேமி உறையை வெடுக்கென்று எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"அனுப்பாதீங்க ஆச்சி. அப்பா கூப்பிட்டாரு. காலையில ஆறு மணிக்கு. எட்டு மாசம் கழிச்சு. எடுத்ததும் கேக்கறாரு, 'உயிரோட இருக்கியா?'ன்னு." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "கார்டைப் பிரிச்சவரு பயந்துட்டாரு ஆச்சி. என் பேரு மேல ரத்தம் மாதிரி இருக்கு, யாராவது உன்னை மிரட்டறாங்களான்னு கேக்கறாரு. நான் மஞ்சள்னா என்னா, குங்குமம்னா என்னா, எங்கத்தை ஏன் அதை வெச்சாங்க, எல்லாம் சொன்னேன். உங்களைப் பத்தியும் சொன்னேன். ஒரு மணி நேரம். கடைசியில, 'சரி, நானே வந்து பாக்கறேன்'னு வெச்சுட்டாரு."

மெய்யம்மை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "அப்ப இந்த நல்ல கார்டை இன்னும் நல்லா அனுப்பலாமே? நான் ஒண்ணும் பேய்க்காரி இல்லைன்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

"வேணாம் ஆச்சி. எங்கப்பாவை எனக்குத் தெரியும். ஒழுங்கான கார்டு கைக்குப் போச்சுன்னா ஒழுங்கா யோசிக்க ஆரம்பிச்சுருவாரு."

வாழ்க்கையிலேயே தான் செய்த மிகச் சிறந்த அட்டையை, யாருக்காகச் செய்தாளோ அவருக்கு அனுப்பக் கூடாது என்பது மெய்யம்மைக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும்! தொழிற்சாலைக்காரர்களுக்கு மட்டும் அது போனது. அவர்கள் எல்லாரும் பாராட்டினார்களாம். யார் பாராட்டி என்ன?

கிள்ளானில் கல்யாணம். மண்டபத்தில் நாதஸ்வரக்காரர்கள் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மெய்யம்மை வந்துவிட்டாள். முன் வரிசையில், கறுப்புக் கோட்டும் வெள்ளை டையுமாக, முழங்காலில் கையை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஒரு சிறிய மனிதர். சுற்றி இத்தனை சத்தத்திலும் அவரைச் சுற்றி மட்டும் தபால் நிலைய அமைதி. சீதாலெட்சுமி அவருக்கு மூன்றாவது முறையாகக் காப்பி கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

நகைகள் குலுங்கக் கூறைப் புடவையில் வந்த அகேமி, மெய்யம்மையைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் அவர் முன்னால் நிறுத்தி ஏதோ சொன்னாள். அவர் சட்டென்று எழுந்தார். மெய்யம்மையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இடுப்புவரை குனிந்தார். மெய்யம்மை பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் தானும் கொஞ்சம் குனிந்தாள்.

"அந்தக் கார்டுக்காக மன்னிச்சிருங்கன்னு சொல்லும்மா" என்றாள்.

அகேமி சொன்னாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். கோட்டின் உள்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, இரு கையாலும் பிடித்து மெய்யம்மையிடம் நீட்டினார். ஸ்டாம்பு ஒட்டியிருந்தது, துளிக் கோணல் இல்லாமல். உறை ஒட்டப்படவில்லை. உள்ளே ஒரே ஒரு தாள். மேலிருந்து கீழே இறங்கும் வரிகள், ஒவ்வொரு கோடும் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து எழுதியது. மெய்யம்மைக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். பதினைந்தாம் எண்ணேதான்.

"என்னாம்மா இது?"

அகேமி தாளை வாங்கிப் படித்தாள். அவளும் அதை இப்போதுதான் பார்க்கிறாள். அப்பா அவளிடம் மெதுவாக நாலு வார்த்தை பேசினார். அவள் தமிழில் சொல்ல ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள்.

"வர முடியாது, மன்னிக்கணும்னு எழுதியிருக்காரு ஆச்சி. ரொம்ப மரியாதையா. எங்க கார்டு வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எழுதி, ஸ்டாம்பு ஒட்டி ரெடியா வெச்சிருக்காரு. தேதி மட்டும்தான் போடலை. கார்டு ஒழுங்கா வந்திருந்தா, அன்னிக்கே தேதியைப் போட்டு அனுப்பியிருப்பாராம். ஆனா அப்படி ஒரு கார்டு வந்தா அதுக்கு என்னா பதில் எழுதறதுன்னு அவருக்குத் தெரியலையாம். நாப்பது வருஷம் தபாலாபீஸ்ல இருந்தும் தெரியலையாம். அதான் போனை எடுத்தாராம்."

அகேமி தாளை மடித்து மெய்யம்மையிடமே திருப்பிக் கொடுத்தாள். தாரை வார்க்க நேரமாகிவிட்டது என்று மேடையிலிருந்து ஐயர் குரல் கொடுத்தார். அகேமியின் அப்பா கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மகளின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் மேடைக்கு நடந்தார்கள்.

கடிதம் மெய்யம்மை கையிலேயே இருந்தது. அதை அவர் திருப்பிக் கேட்கவில்லை.